அனுமதி பெற்ற நிலநடுக்கம்

எங்கள் கட்டடத்தில் நிலநடுக்கம் வந்தது என்று எங்கள் பேட்டையின் மஹல்லா குழு அறிவித்தபோது, அதை உண்டாக்கியவன் நான்தான் என்று அன்றைக்கே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். தவறாக அச்சாகிவிட்ட ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் மனைவி மவ்லுதா தோய்ரா வாசிப்பாள். உள்விளிம்பில் இரும்பு வளையங்கள் தொங்கும் வட்டமான கைப்பறை அது. பெண்கள் மட்டும் கூடும் கல்யாண அறைகளில் அவள் வாசிக்க, கீழ்வீட்டு கும்ரி பாடுவாள். தாஷ்கண்டில் எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு பேரும் ஆடவைக்காத மாமியார் இல்லை. ஒரு வசந்தத்தில், மல்பெரி பழுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மவ்லுதா இறந்துபோனாள். கும்ரி தோய்ராவைத் துணியில் சுற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி மாட்டிவிட்டுப் போனாள்.

மிச்சம் இருந்தது ஒரு பதிவு. கல்யாண வீடியோக்காரர் ஒருவர் நல்ல ஒலிவாங்கி வைத்து எடுத்தது. கைபேசியில் போட்டுக் கேட்டேன். விளிம்பில் விரல் படும் 'தக்' மட்டும் கேட்டது. நடுத்தோலில் உள்ளங்கை விழும் 'பும்' இல்லை. தொலைக்காட்சியில் போட்டாலும் அப்படித்தான். அடுத்த அறையில் யாரோ தட்டச்சு செய்வது போல இருந்தது. என் மனைவி தட்டச்சு செய்தவள் அல்ல.

"அடியொலிக்குன்னே தனியா பெட்டி இருக்கு, சப்வூஃபர். அது இல்லாம கேக்காது அண்ணே," என்றான் மின்சாதனச் சந்தையில் ஒரு கடைக்காரன். "காருக்கா, கல்யாணத்துக்கா?"

"வீட்டுக்கு."

"பேரன் கேட்டானா?"

"எனக்குத்தான்."

என் தொப்பியையும் தாடியையும் ஒருமுறை பார்த்தான். "அண்ணி சம்மதிச்சுட்டாங்களா?"

"அவங்களுக்காகத்தான் வாங்கறேன்."

"குடுத்து வச்சவங்க," என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தான்.

கறுப்புப் பெட்டி. முன்பக்கம் வலைத்துணி, அடியில் ரப்பர் கால்கள், பின்னால் முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துளை. கூடவே தொலைக்காட்சியோடு இணைக்க ஒரு சின்ன ஒலிபெருக்கியும் ரஷ்ய மொழியில் ஒரு கையேடும். என் தொழில் காரணமாக நான் கையேடுகளை முதலிலிருந்து கடைசிவரை படிப்பவன். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் வயரைச் செருக வேண்டும். ஒலிபெருக்கியின் பின்னால் சப்வூஃபருக்கென்றே இருக்கும் துளையிலிருந்து பெட்டிக்கு ஒரே ஒரு வயர் போதும். அளவுத் திருகைக் குறைத்து வைத்துவிட்டே எதையும் தொடங்க வேண்டும். மேலே எதையும் வைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. எல்லாம் புரிந்தது. 'சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்தல்' என்ற பகுதிதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் பெட்டியை வையுங்கள். ஒலியை ஓடவிட்டு, சுவரோரமாக நான்கு காலில் ஊர்ந்து செல்லுங்கள். எந்த இடத்தில் அடியொலி நிறைவாகக் கேட்கிறதோ, பெட்டியை அங்கே மாற்றுங்கள் என்று எழுதியிருந்தது. அச்சுப்பிழையோ என்று இரண்டாம் முறை படித்தேன். இல்லை.

நான் உட்காரும் இடம் முக்கியமில்லை. மவ்லுதா உட்காரும் தரைமெத்தையில் பெட்டியை வைத்தேன். துக்க வருடம் முடியவில்லை, பாட்டு வைக்க முடியாது. வானிலை அறிக்கை வாசிப்பவருக்குக் கனத்த குரல். அவரை வைத்துக்கொண்டு ஊர்ந்தேன். பேச்சில் அடியொலி போதவில்லை என்பதால் அளவுத் திருகை முழுக்கத் திருப்பினேன். ஃபெர்கானாவில் தூறல் என்று அவர் சொல்லும்போது நான் கண்ணாடி அலமாரியின் மூலையில் இருந்தேன். நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டியது. இடம் அதுதான்.

அந்த நேரத்தில் கும்ரி சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"என்ன தொலைச்சீங்க அண்ணே?"

"ஒண்ணும் தொலைக்கல. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். "இந்த மாதிரி வீட்ல ஒரு ஆளு போயிட்டா புத்தி இப்படி அப்படித்தான் இருக்கும். வெக்கப்படாதீங்க. எங்க மாமனாரு வாத்துகூடப் பேசுவாரு."

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வருட நிறைவு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில் ஆண்களுக்குப் புலாவ், பிற்பகலில் பெண்கள் வருவார்கள். அதோடு துக்கம் கழிந்துவிடும். மவ்லுதாவோடு பாடியவர்கள், ஆடியவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருக்கப்போகிற நாள் இனி வேறு வராது. அவர்கள் முன்னால் அவளை ஒருமுறை முழுதாக வாசிக்க வைத்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கும்ரி சுவரில் மாட்டியிருந்த தோய்ராவைப் பார்த்தாள். "அவ கையி கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்."

"அப்ப ஊருங்க," என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை பெட்டியை மூலைக்கு மாற்றினேன். இணைப்பைச் சோதிப்பது பாட்டுக் கேட்பதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பதிவின் முதல் சில அடிகளை மட்டும் ஓடவிட்டேன். வானிலைக்காக முழுக்கத் திருப்பிய திருகு அப்படியே இருந்தது.

மவ்லுதாவின் உள்ளங்கை விழுந்தது.

அலமாரியிலிருந்த தேநீர்க் கிண்ணங்கள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. சரவிளக்கு ஆடியது. சுவருக்குள் இருந்த நீர்க்குழாய் அந்த அடியை வாங்கி மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் கொண்டுபோனது. நிலநடுக்கம் பழகிப்போன எங்கள் ஊரில் கிண்ணம் குலுங்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். நடக்கப் பழகும் முன்பே ஓடப் பழகியவர்கள் நாங்கள். நான் பதறிப்போய் அணைப்பதற்குள் படிக்கட்டு முழுக்கச் செருப்புச் சத்தம். சன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது மல்பெரி மரத்தடியில் கட்டடமே நின்றுகொண்டிருந்தது. ஒருவர் பாதி முகத்தில் சவர நுரை. ஒரு பெண் குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகளைத் தான் கட்டிப்பிடித்திருந்தாள்.

நான் கீழே இறங்கிப் போவதற்குள் மஹல்லா குழுத் தலைவர் முகிம்ஜோன் பெஞ்சின் மேல் ஏறியிருந்தார். எங்கள் பேட்டைக்கு அரசாங்கம் என்றால் அந்தக் குழுதான். கல்யாணத்துக்கு எத்தனை கார் வரலாம், மரத்துக்குச் சுண்ணாம்பு எந்த உயரம்வரை பூசலாம், மருமகள் எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்கலாம் எல்லாம் அங்கேதான் முடிவாகும். தலைவர் பைஜாமாவுக்கு மேலே கோட்டும் டையும் அணிந்திருந்தார்.

"யாரும் பயப்படாதீங்க!" என்றார். "குழு எல்லாத்தையும் கட்டுக்குள்ள வச்சிருக்கு. நிலநடுக்கம் எங்க மேற்பார்வையிலதான் நின்னுச்சு."

"தலைவரே," என்றேன், "அது நிலநடுக்கம் இல்ல. என் சப்வூஃபர்."

"அதிர்ச்சில இருக்காரு," என்றார் தலைவர். "யாராவது நெமத் அண்ணனுக்குத் தண்ணி குடுங்க."

கொடுத்தார்கள். குடித்தேன்.

மறுநாள் குழு அலுவலகத்துக்குப் போய், கையேட்டையும் எடுத்துக் காட்டி, நிதானமாக விளக்கினேன். தலைவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"அண்ணே, மாவட்டத்துக்கு நேத்தே எழுதியாச்சு. வலுவான அதிர்வு, கட்டடம் முழுக்க உடனடியா வெளியேத்தம், ஒரு உயிர்கூடப் போகலைன்னு."

"நிலநடுக்க ஆய்வு நிலையத்துல ஒண்ணும் பதிவாகலையே."

"அவங்க நாட்டுக்கு வர்ற நிலநடுக்கத்தைப் பாக்கறவங்க. இது மஹல்லாவுக்கு வந்தது."

"ஆனா வரவே இல்லையே, தலைவரே."

அவர் எனக்குப் பச்சைத் தேநீர் ஊற்றினார். "நெனச்சுப் பாருங்க. வரலைன்னு ஆயிட்டா, நாங்க காப்பாத்துன ஜனங்க கதி என்ன?"

"அவங்க உயிரோடதான் இருப்பாங்க."

"அதான் சிக்கலு. ஏற்கெனவே உயிரோட இருந்தவங்களை நாங்க காப்பாத்துனதா ஆயிடும். வருஷம் பூரா நாங்க செய்யறது அதுதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு தடவைகூட அதைக் காகிதத்துல போட்டதில்ல."

வாரம் முடியும் முன்பு மாவட்டத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. எங்கள் மஹல்லா மாவட்டத்துக்கே முன்மாதிரியாம். தலைவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். ஆணி அடிக்கும்போது சுவர்ப்பூச்சு ஒரு பாளமாக விழுந்தது. அதை நிலநடுக்கச் சேதத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பாராட்டுக்குப் பின்னால் ஒரு தகவலும் வந்தது. மாவட்டப் பேரிடர்ப் பிரிவின் அதிகாரி ஸுஃபாரோவ் நேரில் வந்து, அந்த வெளியேற்றத்தை அப்படியே மறுபடி நடத்திக் காட்டச் சொல்லிப் பார்ப்பாராம். மற்ற மஹல்லாக்களும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். மறுபடி நடத்த அதே அதிர்வு வேண்டும் என்பதால், தலைவர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என் பேச்சை நம்பினார். குழு உறுப்பினர்கள் சூழ என் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பெட்டியைக் காட்டுங்க அண்ணே."

காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதுதான் நம்ம நிலநடுக்கமா," என்றார், மெல்லிய குரலில்.

பெட்டியை அவர்கள் எடுத்துப் போகவில்லை. அந்த மூலையில்தான் அது முழுதாக அதிரும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டிருந்தேன். அதனால் என் வீட்டிலேயே வைத்து, குழுவின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அதிர்வுச் சாதனப் பராமரிப்புத் துணைக்குழு என்று ஒன்று அமைத்தார்கள். துணைக்குழு வாரந்தோறும் வந்தது. அளவுத் திருகின் மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு கோடாரியும் வைத்தது. ஈரத்துணியால் துடைத்தது. வெறுமையாக இருக்கிறது என்று மேலே பின்னல் துணி விரித்துப் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி வைத்தது.

"மேலே எதையும் வைக்கக் கூடாதுன்னு கையேட்ல இருக்கு," என்றேன்.

"கையேடு பொதுவா எல்லாருக்கும் எழுதினது," என்றார் தலைவர். "இது முன்மாதிரி மஹல்லா."

காற்றுத் துளையைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கியது. "ஓட்டை இருக்கே. எலி பூந்துடும்." தரைமெத்தையிலிருந்து பஞ்சை உருவி நன்றாக அடைத்து, அதன் மேலும் முத்திரை வைத்தார்கள். மவ்லுதாவின் மெத்தை அது. நான் மணல் வாளியை நகர்த்தி வழிவிட்டேன். சோர்வு ஓர் அளவைத் தாண்டினால் மரியாதை போலத் தெரியும். என்னை ஒத்துழைப்பு மிக்க குடிமகன் என்று எழுதிக்கொண்டார்கள்.

வருட நிறைவுக்கு முதல் நாள் தலைவரிடம் போனேன்.

"ஒரு பிற்பகல் மட்டும் முத்திரையை எடுங்க. பெண்கள் வர்றாங்க. ஒரே ஒரு தடவை கேக்கட்டும். சத்தத்தைக் குறைச்சே வைக்கறேன்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவரும் மவ்லுதாவின் சாவுக்குத் தோள் கொடுத்தவர்தான். "அண்ணே, என் கையில இருந்தா தரமாட்டேனா? நாளைக்கு நீங்க அதைப் போட்டா என்ன ஆகும்? அனுமதி இல்லாத நிலநடுக்கம் ஆயிடும். அதுக்கு முன்னால வந்ததுக்கு மட்டும் அனுமதி இருந்துச்சான்னு கேப்பாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா அவுந்துடும்."

"அது என் மனைவி, தலைவரே."

"அது இப்ப ஆவணம், அண்ணே."

பெண்கள் வந்தார்கள். ரொட்டி பிய்த்தார்கள், ஓதினார்கள், சாப்பிட்டார்கள். பிறகு கைபேசியை நடுவில் ஒரு காலிக் கிண்ணத்துக்குள் வைத்து ஓடவிட்டேன். கிண்ணத்துக்குள் வைத்தால் கொஞ்சம் பெருகும் என்பார்கள். தக், தக், தகதக். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். நல்ல பெண்கள், அழகாக இருக்கிறது என்றார்கள். கும்ரி மட்டும் கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெரலு இருக்கு," என்றாள். "கையி எங்க?"

ரோஜா ஜாடியின் அடியில் மவ்லுதாவின் கை முத்திரையிடப்பட்டு இருந்தது.

பயிற்சிக்கான ஆலோசனைக் கூட்டத்தில் ஸுஃபாரோவைப் பார்த்தேன். மெலிந்த மனிதர், அளந்து பேசுபவர். தலைவரின் திட்டத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒரு குறை. இறந்தவங்க யாருமே இல்ல."

"முன்மாதிரி மஹல்லாங்க," என்றார் தலைவர், பெருமையோடு.

"சாவே இல்லாத பேரிடரை யாரு நம்புவாங்க? எனக்கு மேல இருக்கறவங்க உடனே கேப்பாங்க, அப்ப பேரிடர்ப் பிரிவு எதுக்குன்னு. ஒரு மரணம் வேணும். ரெண்டுன்னா அலட்சியம். ஒண்ணு சரியான அளவு. யாராவது வீட்டுக்குள்ள படுத்துக்கணும், மீட்புக் குழு வந்து தூக்கிட்டுப் போகும். யாரு இருக்கீங்க?"

அறையிலிருந்த அத்தனை பேரும், அபசகுனம் கேட்டால் செய்வதுபோல, சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களில் அப்படி ஒரு வேடத்தை விளையாட்டுக்குக்கூட யாரும் ஏற்கமாட்டார்கள். வாயால் சொன்னாலே வந்துவிடும் என்று பயம். தலைவர் தரையைப் பார்த்தார். துணைக்குழு சன்னலைப் பார்த்தது.

நான் கையைத் தூக்கினேன்.

"அண்ணே, வேணாம்," என்றார் தலைவர். நிஜமாகவே பதறினார்.

"எங்க வீட்லதான பெட்டி இருக்கு," என்றேன். "ஒரே ஒரு நிபந்தனை. ஓட்டையில இருக்கற பஞ்சை எடுக்கணும். இல்லேன்னா நிலநடுக்கம் சரியா வராது."

அந்த நாளில் முற்றத்தில் கொடி கட்டியிருந்தார்கள். பெண்களையெல்லாம் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு ஓடிவரச் சொல்லியிருந்தார்கள். தலைவர் தலைக்கவசத்தோடு என் வீட்டுக்கு வந்து, சாட்சிகள் முன்னிலையில் முத்திரைகளை உடைத்தார். ஜாடியை நான் எடுத்து வெளியே வைத்தேன். பஞ்சை உருவினேன். திருகைக் குறைத்தேன், வயரைச் சரிபார்த்தேன், பிறகு திருகை மெல்ல ஏற்றினேன். பிழை திருத்துகிறவன் ஒரு பிழையை இரண்டாம் முறை விடக் கூடாது. கிண்ணம் பாடும், கத்தாது, அந்த அளவில் நிறுத்தினேன்.

"ஸ்விட்சை யாரு போடறது?" என்று துணைக்குழு கேட்டது.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அண்ணனே போடட்டும். ஏதாவது தப்பாப் போனாலும் செத்தவர் மேல பொறுப்பு வராது." என்னிடம் திரும்பினார். "ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அப்புறம் அணைச்சுட்டுப் படுத்துக்குங்க."

எல்லோரும் கீழே போனார்கள். விசில் ஊதினார்கள். நான் ஓடவிட்டேன். மவ்லுதாவின் இடத்தில், அவளுடைய மெத்தையில், காதைத் தரையில் வைத்துப் படுத்தேன். அங்கே எப்படிக் கேட்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ஊர்ந்து கண்டுபிடித்தது.

பும்.

அது காதுக்கு வரவில்லை. விலா எலும்புக்கு வந்தது. அதற்குப் பின்னால் விரல், அதற்குப் பின்னால் வளையங்களின் சிணுங்கல், திரும்பவும் உள்ளங்கை. வாசிப்பதற்கு முன் அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சின்ன நிறுத்தம்கூட இருந்தது. கிண்ணங்கள் பாடின.

படிக்கட்டில் செருப்புகள் இறங்கின. இறங்கி, பாதியில் நின்றன. நிற்கக் கூடாத இடம் அது. பயிற்சியில் யாரும் படிக்கட்டில் நிற்கக் கூடாது என்று தனியாகவே சொல்லியிருந்தார்கள்.

"மவ்லுதா," என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு கும்ரியின் குரல் எழுந்தது. பாட்டின் முதல் அடி. ஒரு வருடமாக வாய் திறக்காத குரல், தொடக்கத்தில் கரகரத்தது, இரண்டாம் அடியில் சரியானது. மற்றவர்களும் சேர்ந்தார்கள். படிக்கட்டு முழுக்கப் பட்டுச்சட்டைகள் உரசும் சத்தம் வந்தது.

"கீழ இறங்குங்க! ஓடுங்க!" என்று முற்றத்திலிருந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள்.

"சும்மா இருங்கடா!" என்றாள் ஒரு கிழவி.

ஸுஃபாரோவின் அளந்த குரலும் சன்னல் வழியே வந்தது. "பேரிடர் நேரத்துல மக்கள் பாட்டுப் பாடறாங்க. மன உறுதி. எழுதிக்குங்க, மன உறுதி."

என் பையில் கைபேசி அதிர்ந்தது. தலைவர்தான். ஒரு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. எடுக்கவில்லை. இறந்தவர் கைபேசி எடுப்பது பயிற்சியின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். அணைக்கவும் இல்லை, அதே காரணத்தால்.

மீட்புக் குழு வந்தபோது இரண்டாம் பாட்டு முடிந்துகொண்டிருந்தது. பெண்கள் வழிவிடவில்லையாம். குழு என்றால் தலைவர் ஒருவர்தான். தூக்குப்படுக்கையைச் சுமந்தவர்கள் ஆட்டம் பார்க்கப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். தலைக்கவசம் கண்வரை இறங்கியிருந்தது.

"அண்ணே, எந்திரிங்க. உங்களைத் தூக்கிட்டுப் போறதைப் பாக்க அதிகாரி கீழ நின்னுட்டு இருக்காரு."

"இன்னும் ஒரு பாட்டு இருக்கு, தலைவரே," என்றேன், தரையிலிருந்து காதை எடுக்காமல். "என்னை இன்னும் கண்டுபிடிக்கலைன்னு சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். மூன்றாம் பாட்டின் முதல் அடி விழுந்தது. கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"தேடிட்டு இருக்கோம் சார்," என்றார். "இன்னும் கெடைக்கல."